குத்தூசி நின்ற இடம்

குலசிங்கத்தாரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்த்தது அவருடைய விரல்களைத்தான். ஓலை வேலியின் இடுக்கால் ஒரு குத்தூசி வந்தது. அதைத் தள்ளிய இரண்டு விரல்கள் தெரிந்தன. பிறகு அவையும் மறைந்துவிட்டன.

எண்பத்தொன்பதாம் ஆண்டு பங்குனி மாதம் அது. பல்கலைக்கழகப் பெறுபேறு வந்து நான் கரம்பொன்னுக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுப் படலையைத் திறந்த முதல் ஆள் நான்தான். அப்பா அதை எங்கள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தார். இனிச் சொல்ல ஆளில்லை என்றானதும், சுருவிலில் இருந்த பெரியம்மா இரஞ்சிதத்துக்கும் சொல்லி அனுப்பினார். பெரியம்மா நல்ல சந்தோஷப்பட்டாராம். சந்தோஷப்பட்ட கையோடு, "அப்ப பெடியன் சும்மாதானே நிக்கிறான், ஒருக்கால் இஞ்சாலை வரச்சொல்லுங்கோ, வேலி அடைக்க ஆளில்லை" என்று பதில் வந்தது.

வேலியடைப்பு தனியாளால் ஆகிற வேலை அல்ல. வேலிக்கு நட்டிருக்கும் கதியால் தடிகளோடு ஓலையைச் சார்த்திய பிறகு ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் நிற்க வேண்டும். கயிறு கோத்த நீளமான குத்தூசியை ஒருவர் ஓலைக்குள்ளால் குத்துவார். மற்றவர் கயிற்றை வாங்கிக் கதியாலைச் சுற்றி, ஊசியைத் திருப்பிக் குத்துவார். வேலி முடியும்வரை இது இப்படியே போகும். இருவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இராது. ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

பெரியம்மாவின் பக்கம் ஊசி பிடித்தவர் இளையதம்பி. வாய் ஓயாத மனிதர். நான் அவருக்கு ஓலை எடுத்துக் கொடுத்தேன். வேலியின் மறுபக்கம் அடுத்த வளவுக்காரர் குலசிங்கத்தார். இளையதம்பியின் அக்கா அன்னபூரணத்தைக் கட்டியவர்.

"ஆர் மச்சான் உது? புதுக்குரலாக் கிடக்கு" என்றது அந்தப் பக்கம்.

"இரஞ்சிதமக்காவின்ரை தங்கச்சியின்ரை மூத்தவன், அத்தான். கம்பஸ் முடிச்ச ஆள். ஓலையைத் தலைகீழாத்தான் நீட்டுறார்."

"உதெல்லாம் பீ.ஏ.யிலை வாறேல்லையாக்கும்."

"எம்.ஏ.யிலை வருமாம் அண்ணை" என்றேன் நான்.

மறுபக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. நல்ல, திறந்த சிரிப்பு. அன்று காலையில் அவர் என்னோடு ஓயாமல் கதைத்தார். தோட்டம், மாடு, எங்கள் அப்பா சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்த கதை என்று வேலி நகர நகரக் கதையும் நகர்ந்தது. நான் அவரைக் கலகலப்பான ஆள் என்று நினைத்தேன்.

பத்து மணி போல அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். ஆள் வருமுன்னமே அவருடைய மூச்சு வந்துவிட்டது. விசிலடிப்பது போன்ற இழுவை. தொய்வு வருத்தம். வேலிக்கு மேலால் தேநீர்ப் பேணிகளை நீட்டினார்.

"அன்னபூரணம், ஒரு குளிசையைப் போட்டால் என்னடியப்பா? உந்த இழுவை இழுக்கிறாய்" என்றார் பெரியம்மா.

"அது கிடக்கட்டும் அக்கா." அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நடந்தார். அந்த இழுவை குசினிவரை போவது எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊசி ஒருமுறை வந்து போனது. இன்னொருமுறை வந்தது. பாதியில் நின்றது.

"மச்சான்."

"ஓம் அத்தான்."

"அண்டைக்குப் பெடியன் மாட்டன் எண்டவனெல்லோ."

நான் இளையதம்பியைப் பார்த்தேன். கயிற்றுக்காக நீட்டிய கை அப்படியே நின்றது. முகத்தில் முந்திய பகிடியின் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு சொன்னார்:

"வெயில் ஏறுது அத்தான். ஊசியை விடுங்கோ."

ஊசி பாதியிலேயே நின்றது.

"உங்கடை பக்கம் கயிறு தொய்யுது பாருங்கோ. பிறகு வேலி சரிஞ்சால் அக்கா எனக்கெல்லோ ஏசுவா" என்று சிரித்தார் இளையதம்பி.

கொஞ்ச நேரம் கழித்து ஊசி வந்தது. அதற்குப் பிறகு வேலியின் மறுபக்கம் தோட்டத்தைப் பற்றிக்கூடக் கதைக்கவில்லை. வேலை முடிந்து கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் அவர் முகத்தை முதல்முதலாகப் பார்த்தேன். காலையில் கேட்ட சிரிப்புக்குப் பொருத்தமில்லாத முகம். ஒடுங்கிய கன்னம். எதிரில் நிற்பவரைப் பார்க்காமல், அவருடைய தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கும் கண்கள்.

ஊர் அறிந்த கதையைப் பின்னேரம் பெரியம்மா சொன்னார்.

குலசிங்கத்தாருக்கு ஒரே மகன், சிவபாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்றவன். எண்பத்துநாலில் ஒரு நாள் அன்னபூரணத்துக்கு இழுவை கூடிப்போயிற்று. குளிசை முடிந்துவிட்டது. பட்டணத்து மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும். சிவபாதம் காலை பஸ்ஸில் போனான். வழியில் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் பெடியளை இறக்கினார்கள். இறக்கினவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. குலசிங்கத்தார் ஒவ்வொரு முகாம் வாசலாகப் போய் நின்றார். எங்கேயும் அப்படி ஒருவன் இல்லை என்றார்கள்.

"தானாத்தான் போறன் எண்டு வெளிக்கிட்டவனாம். தேப்பன் சொன்னவர்" என்றார் பெரியம்மா. "அதுக்குப் பிறகு இவள் நயினாதீவுக்குப் போய் அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிட்டாள். பிள்ளை வருமட்டும் குளிசை தொடமாட்டனெண்டு. தன்ரை குளிசைக்குத்தானே பிள்ளை போனதெண்ட எண்ணம். இனசனமும் அப்பிடித்தான் கதைக்குது. அவர்தான் குறிகட்டுவானுக்குக் கூட்டிக்கொண்டு போய், லாஞ்சிலை ஏத்தி, கோயிலிலை பக்கத்திலை நிண்டு கற்பூரம் கொளுத்திக் குடுத்தவர்."

"அவர் அழேல்லையோ பெரியம்மா?"

"ஆம்பிளையள் அழுறதோ? அடுத்த கிழமையே தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போட்டார். கல்லு மனிசன்."

தானாகப் போனவன் என்றது ஊர். மாட்டன் என்றவன் என்றது வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது மட்டும் எனக்கு அன்று தெரிந்தது.

தொண்ணூறில் எங்கள் தீவுக்குள் நேவி வந்தது. தீவுச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பக்கம் வந்து சேர்ந்தது. பெரியம்மாவும், குலசிங்கத்தார் குடும்பமும், இளையதம்பி குடும்பமும் மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். நடுவில் சேலைதான் சுவர். எனக்கு அகதிகளோடு வேலை செய்யும் ஓர் அமைப்பில் இடம் கிடைத்திருந்தது. என் பட்டத்தையும் அவர்கள் தந்த சிறு பயிற்சியையும் நம்பி, சனத்தின் மனப்பாரத்தைக் கேட்டு ஆறுதல் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

பெண்கள் கதைத்தார்கள். கிணற்றடியில், அடுப்படியில், நான் கேட்காமலே சொன்னார்கள், அழுதார்கள், மூக்கைச் சிந்திவிட்டு எழும்பி அரிசி கழுவப் போனார்கள். ஆண்களுக்கென்று வெள்ளிக்கிழமைகளில் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். வந்தார்கள். மண்ணெண்ணெய் விலை, சவர்க்காரம் கிடைக்காத கதை, பேச்சுவார்த்தை வருமா வராதா என்பது எல்லாம் கதைத்தார்கள். "உங்கடை மனசிலை என்ன பாரம் கிடக்கு எண்டு ஆராவது சொல்லுங்கோவன்" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

தம்பிஐயா என்ற புங்குடுதீவுக்காரர் எழும்பினார். "பாரம் எண்டால் தம்பி, உந்தக் கிணத்தடியிலையிருந்து தண்ணி தூக்கிறதுதான். கப்பி ஒண்டு பூட்டித் தந்தீரெண்டால் என்ரை மனம் பஞ்சாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த குலசிங்கத்தாரும் சிரித்தார். அவர் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. ஒரு வெள்ளியும் வாய் திறந்ததுமில்லை. கூட்டம் முடிந்ததும் முதல் ஆளாக எழும்பி மனைவிக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போவார்.

வகுப்பறைக்குள் அடுப்புப் புகையும் சனநெருக்கமும் அன்னபூரணம் அம்மாவுக்கு எமனாக வந்தன. மருந்துத் தட்டுப்பாடான காலம். தெரிந்த ஒரு டொக்டரிடம் கெஞ்சிக் கொஞ்சம் குளிசை வாங்கிக் குலசிங்கத்தாரின் கையில் கொடுத்தேன். அடுத்த வெள்ளி அப்படியே திருப்பித் தந்தார். சுற்றிய கடதாசியைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

"அவ எடுக்கமாட்டா தம்பி. தேவையான ஆருக்கும் குடும்."

"நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன் அண்ணை. நீங்கள் சொன்னால் கேப்பா."

"நான் என்னத்தைச் சொல்லுறது" என்றார். என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

தொண்ணூற்றிரண்டு மாரியில் அன்னபூரணம் அம்மா இறந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் படங்கு கட்டி, மாணவர் வாங்குகளை எடுத்துப் போட்டோம். ஆண்கள் வாங்குகளில் இருந்து வெற்றிலை போட்டார்கள், பத்திரிகை வாசித்தார்கள். குலசிங்கத்தார் வாசலில் நின்றார். வந்தவர்கள் அவர் நீட்டிய கைகளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். அந்தக் கைகள் நடுங்கவில்லை.

பெட்டி எடுக்கும் நேரம் ஒரு சிக்கல் வந்தது. இனத்துக்குள் மூத்தவரான அம்பலவாணர் கேட்டார்: "கொள்ளி வைக்கிறது ஆர்?"

ஒரே மகன் இருக்கும்போது தாய்க்குத் தகப்பன் கொள்ளி வைப்பதா? வைத்தால் மகன் இல்லை என்றாகிவிடும். வைக்காவிட்டால் பிரேதம் கிடக்கும். இளையதம்பியின் மகன் வைக்கட்டும் என்றார் ஒருவர். மருமகன் முறை சரிவராது என்றார் இன்னொருவர்.

"நான் வைக்கிறன்" என்றார் குலசிங்கத்தார். "அவன் வரமாட்டான்."

அதைக் கேட்டதும் உள்ளே பெண்களின் சத்தம் எழும்பியது. அன்னபூரணத்தின் ஒன்றுவிட்ட அக்கா நெஞ்சில் அடித்துப் பாடினார்:

"குளிசைக்கு அனுப்பினியே, குலக்கொழுந்தைத் தோத்தியே,
மூச்சிழுக்க மூச்சிழுக்க மகன் வழியைப் பாத்தியே…"

செத்த பிறகும் அந்தப் பழி அன்னபூரணம் அம்மாவின் தலையில்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த இளையதம்பி என் முழங்கையைப் பிடித்தார். பகிடி விடும் அந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"அவ அனுப்பேல்லைத் தம்பி. சிவபாதம் தனக்குப் பயமாக் கிடக்கு எண்டு சொன்னவன். நானும் அங்கை நிண்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன. சிரிச்சனான்."

எழும்பிப் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்க வேண்டுமென்று சனத்தைப் பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டு இருத்தினார்கள். குலசிங்கத்தாரின் கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் நடுவில் கிடுகு மறைப்புக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு முற்பகல் நான் போய், "அண்ணை, நான் மற்றப் பக்கம் நிக்கிறன், நீங்கள் குத்துங்கோ" என்றேன்.

"ஓலை தலைகீழா நீட்டின ஆளெல்லோ" என்றார். ஆனால் ஊசியை எடுத்தார்.

முதலில் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு கதைக்கவில்லை. ஊசி வந்தது, போனது. நான் சுற்றி, இறுக்கி, திருப்பிக் குத்தினேன். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்துக் குரல் தானாகத் தொடங்கியது.

"அண்டைக்கும் வேலியடைப்புத்தான் தம்பி. ஓலை வந்து இறங்கிட்டுது. இளையதம்பி வந்து நிக்கிறான். உள்ளுக்கை அன்னபூரணத்துக்கு மூச்சு இழுக்குது. குளிசைக்கு எப்பவும் நான்தான் போறனான். அண்டைக்கு வேலையைக் குழப்பேலாது எண்டு பெடியனைப் போகச் சொன்னன். அவன் வந்து நிண்டு, 'ஐயா, எனக்குப் பயமாக் கிடக்கு, நீங்கள் போங்கோவன், நான் வேலிக்கு நிக்கிறன்' எண்டவன்."

"ஓம்" என்றேன்.

"இளையதம்பிக்குக் கேட்டிட்டுது. எனக்கு வெக்கமாப் போச்சுத் தம்பி. என்ரை பெடியன், மீசை அரும்பின பெடியன், மாமனுக்கு முன்னாலை பயம் எண்டு சொல்லுறான். நான் சொன்னன், 'ஆம்பிளையாப் பிறந்தனி, பயமெண்டு சொல்ல வெக்கமில்லையே? கொம்மாவின்ரை சீலையை உடுத்துக்கொண்டு குசினிக்குள்ளை போய் இரு' எண்டு. வேலிக்கு அங்காலை இளையதம்பி சிரிச்சவன். பெடியன் சேட்டை மாட்டிக்கொண்டு போட்டான். திரும்பிப் பாக்கேல்லை."

ஊசி வரவில்லை. நான் காத்திருந்தேன்.

"அவளுக்குத் தெரியாது. தானாப் போனவனெண்டுதான் சொன்னனான். அம்மாள் வாசல்லை அவள் நேர்த்தி வைக்கேக்கை பக்கத்திலை நிண்டனான். அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குளிசை எடுத்திருப்பாள். எனக்குத் தெரியும்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"வாயெடுப்பன். அவள் என்ரை முகத்தைப் பாப்பாள். முகத்தைப் பாத்தால் வராது. குளிசை எடுப்பாள்தான், அதுக்குப் பிறகு என்னோடை இருப்பாளோ?" கயிறு அந்தப் பக்கம் ஒருமுறை இழுபட்டது. "ஒருக்கா வேலிக்குள்ளாலை இளையதம்பியிட்டைத் துவங்கினனான். வெயில் ஏறுது எண்டிட்டான்."

அதன் பிறகு கேட்டதைச் சத்தம் என்றுதான் சொல்ல முடியும். தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளி போய் இடிப்பது மாதிரி. நான் மறைப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போகவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற முனை அவர் கையில் இருந்தது. அது நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஊசி வந்தது. கோணலாக வந்தது. நான் வாங்கிக் கட்டினேன்.

வேலை முடிந்து முன்னால் வந்தபோது முகம் கழுவியிருந்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். நடந்த எதுவும் நடக்காதது போலத்தான்.

இனி வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். படித்த புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. வழியில் கண்டால் ஒழுங்கையின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தார். தன் கதையை அறிந்தவன் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை என்பது விளங்கியது. இளையதம்பியிடம் போய், "அத்தானோடை ஒருக்கா இருந்து கதையுங்கோ, அந்த நாளைப் பற்றி உங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்" என்று கேட்டேன். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஒரு பின்னேரம் வெற்றிலைச் சரையோடு போய் அவர் கொட்டில் வாசலில் நெடுநேரம் இருந்தார்.

"கதைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, நல்லாக் கதைச்சனாங்கள்."

"என்னத்தை?"

இளையதம்பி நிலத்தைப் பார்த்தார். "இந்தமுறை புகையிலை நல்லா வந்திருக்காம்."

நான் இப்போது கதிரைகளை வட்டமாகப் போடுவதில்லை. கொட்டில்களுக்கு வேலியோ மறைப்போ கட்ட வேண்டி வந்தால், ஆண்களை இரண்டு பக்கமும் நிற்க வைத்து நானும் ஒரு பக்கம் நிற்கிறேன். தம்பிஐயா ஒரு நாள் கடலில் விட்டுவந்த தம்பியைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். மூன்றாவது வசனத்தில் பகிடிக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கயிற்றையும் கிடுகையும் பற்றியே கதைக்கிறார்கள். இதை வாசிக்கும் ஆண்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நெஞ்சுக்குள் கிடப்பதை, அதைக் கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்ல ஏலாவிட்டால் வேலிக்குள்ளாலாவது சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் அப்படித் தொடங்கினால் வெயிலைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் மகன் பயமாக இருக்கிறது என்றால் அவனை நம்புங்கள். இதை வாசித்து ஒருவராவது வாய் திறப்பார் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குலசிங்கத்தார் வாய் திறந்ததைக் கேட்டவன் நான். அது அவருக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இது தொண்ணூற்றைந்து பங்குனி. குலசிங்கத்தார் மானிப்பாய்க்கு அப்பால் ஒருவரின் புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறார். தோட்டத்து மூலையில் ஒரு கொட்டில், அதில் தனியாக இருக்கிறார். அதைச் சுற்றி வேலி இல்லை. அவர் அடைக்கவில்லை, அடைக்க வாறன் என்று நான் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். இனத்துக்குள் இன்றும் அன்னபூரணம் அம்மாதான் மகனைக் குளிசைக்கு அனுப்பியவர்.